உடைக்காத நாலு கொட்டை

கண்ணாத்தாளுக்கு அன்று விடிந்ததிலிருந்தே கை ஒரு நிலையில் இல்லை. அரிசி களைந்தவள், களைந்த தண்ணீரைப் பானையில் வைத்துக்கொண்டு அரிசியை மாட்டுத் தொட்டியில் கொட்டப் போனாள். பசு தலையை ஆட்டி மணி ஒலித்த பிறகுதான் சுதாரித்துக்கொண்டாள்.

இருக்காதா பின்னே? இன்று சாயங்காலம் ஏழே முக்கால் தபால் பஸ்ஸில் ஒரு கவர் போக வேண்டும். அது திருச்சிக்குப் போகிறதா, சென்னைக்குப் போகிறதா என்பதில் மகள் செவந்தியின் மீதி ஆயுசே இருக்கிறது.

மூன்று வாரமாக நாம் பார்த்துவருகிற சங்கதிதான். இன்றைக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கந்தர்வக்கோட்டை முந்திரி வியாபாரி உடையப்பனுக்கு ஒரே மகள் செவந்தி. புதுக்கோட்டையில் தாய்மாமன் ரத்தினவேல் வீட்டில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். மேலே படிக்க வேண்டும் என்கிறாள். எதைப் படிக்க? ஹோம் சயன்ஸ் என்று சென்னையில் ஒரு பெண்கள் காலேஜில் புதிதாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சாப்பாடு, துணிமணி, பிள்ளை வளர்ப்பு, வீட்டு நிர்வாகம் என்று எல்லாவற்றையும் படித்தால் பட்டம்.

உடையப்பன் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு மூன்று தெருவுக்குக் கேட்டது. சோறாக்கப் படிக்கப் பட்டணம் எதற்கு, அடுப்படியில் இவள் அம்மா காலணா வாங்காமல் சொல்லிக்கொடுப்பாளே என்றார். உண்மையைச் சொன்னால், கண்ணாத்தாளுக்கும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் இனித்தது. இருபது வருஷமாகத் தான் செய்து வருவதற்கு ஒரு காலேஜ் வேண்டுமென்றால், இத்தனை நாளும் அவள் செய்தது என்னவாம்?

ஆனால் உடையப்பன் சிரித்ததோடு விட்டுவிடுகிற மனுஷர் கிடையாது. நல்ல வியாபாரி. சரக்கைப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அந்தப் படிப்பை முடித்த ஒருத்தியை என் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்து என்று மைத்துனனிடம் சொல்லிவிட்டார். ரத்தினவேலும் சளைக்கவில்லை. தனக்குப் பாடம் சொன்ன ஆவூர் இன்னாசி வாத்தியாரின் மகள் அமலோற்பவம் அந்தப் பட்டத்தை முடித்துவிட்டுச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு இன்னின்ன சாப்பாடு என்று எழுதிக்கொடுக்கிற வேலை பார்க்கிறாள். லீவில் வந்திருந்தவளைப் பதினைந்து நாளைக்கு முன்னால் இந்த வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டான்.

அன்று அந்தப் பெண் சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் கண்ணாத்தாளிடம் என்னவோ சொன்னாளே, அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அது என்ன என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் காலையில் கூடத்தில் நடந்த பேச்சைக் கேட்டுவிடுவோம்.

உடையப்பன் நடுக்கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ரத்தினவேல். சமஸ்தானத்துத் தர்பார் ஆபீசில் கிளார்க்காக இருப்பதால், ஒரு பேச்சென்றால் காகிதமும் பென்சிலும் இல்லாமல் அவனுக்கு உட்கார வராது. செவந்தி தூணோடு நின்றாள்.

முந்திரி வாங்கப் போனால் உடையப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி கொட்டையை அள்ளுவார். பாக்குவெட்டி மாதிரி இருக்கிற வெட்டுக்கத்தியால் ஒவ்வொன்றாக இரண்டாகப் பிளந்து வரிசையாக வைப்பார். எத்தனை பருப்பு, எத்தனை சொத்தை என்று பார்த்துவிட்டுத்தான் மூட்டைக்கு விலை. அதையும் வாயால் சொல்லமாட்டார். துண்டுக்குள் கையைப் பிடித்து, விரலைத் தொட்டுத்தான் விலையை முடிப்பார்.

படிப்பையும் அப்படித்தான் பிளந்து வைத்தார். திருச்சி ட்ரெயினிங் ஸ்கூல் என்றால் இரண்டு வருஷம். மாதாமாதம் பதினைந்து ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கும். கைக்காசு போனால் இருநூறு போகும். வெளியே வந்த கையோடு டீச்சர் வேலை, முப்பத்தைந்து ரூபாய். நம்மூர் காத்தாயி டீச்சரே சாட்சி. சென்னைப் படிப்போ, இன்டர்மீடியட் இரண்டு வருஷமும் அதற்கு மேலே இரண்டு வருஷமும் சேர்த்து நாலு வருஷம். ஹாஸ்டல், காலேஜுக்குக் கட்டுகிற சம்பளம், புஸ்தகம், பரிசோதனைக்கென்று தனியாகக் கட்டுகிற பணம், ரயில் சார்ஜு எல்லாம் கூட்டி ரத்தினவேல் இரண்டாயிரத்து நானூறு என்று எழுதியிருந்தான்.

"பன்னெண்டு மடங்கு முதல்" என்றார் உடையப்பன். "பன்னெண்டு மடங்கு வருதா? அந்த ஆவூர்ப் புள்ளைக்கு எண்பது ரூபா. சரி, அதுவாச்சும் எல்லாருக்கும் வருதான்னு அன்னைக்கே கேட்டேன். அதுகூடப் படிச்சது ஆறு பேரு. வேலையில இருக்கிறது ரெண்டு. மீதி நாலும் கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டோட இருக்கு. ஆறு கொட்டைக்கு ரெண்டு பருப்பு. அந்த மூட்டைய எவனாச்சும் வாங்குவானா மாப்ள?"

ரத்தினவேல் எழுதிய கணக்கே அவனைப் பார்த்து முறைத்தது. செவந்திதான் தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அதிர்ந்து பேசாத பெண். அன்றும் அவள் குரல் உயரவில்லை.

"அந்த நாலு பேரு வீட்டுக்கும் போயிப் பாத்தீங்களாப்பா?"

"எதுக்குப் போகணும்?"

"ஒடைச்சுப் பாக்காம ஒரு கொட்டைய நீங்க சொத்தைன்னு சொல்லமாட்டீங்க. அதான் கேட்டேன்."

ரத்தினவேல் சிரிப்பை அடக்கக் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டான். மகளின் சாமர்த்தியம் உடையப்பனுக்குப் பிடிக்கும். ஆனாலும் வியாபாரம் வேறு. ட்ரெயினிங் ஸ்கூல் மனுவில் கையெழுத்துப் போட்டு, கவரை ஒட்டி, மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார். கிடங்குக்குப் போகிற வழியில் தபாலாபீஸ். தானே போட்டுவிடுவதாகச் சொன்னார்.

நிலைப்படி தாண்டும்போது சமையலறைப் பக்கம் திரும்பினார். "கண்ணாத்தா, நீ ஒண்ணும் சொல்லலயே?"

"சாயங்காலம் சொல்றேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அவள் ஏன் சொல்லவில்லை என்பது ஒரு பெரிய கதை. அந்த வீட்டில் அதை அறிந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

செவந்திக்குப் பன்னிரண்டு வயதில் விஷக்காய்ச்சல் வந்தது. இருபத்தோரு நாள் கண் திறக்கவில்லை. இருபத்திரண்டாம் நாள் விடியலில் உடையப்பன் ஈர வேட்டியோடு நார்த்தாமலை அம்மன் கோயில் பக்கம் திரும்பி நின்று கும்பிட்டு, "ஆத்தா, எம்புள்ளைய எனக்குக் குடுத்துரு, அவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் பாலு, தயிரு, நெய்யி, முட்டை, கவிச்சி எதையும் நான் தொடமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்துவிட்டது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயைத் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பால் நெய் தனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றார். மகளுக்குக்கூடத் தெரியாது.

இரண்டு வருஷம் கழிந்தது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டு வாசற்படியில் தடுக்கி விழுந்தார். மறுநாள் தூணில் இடித்துக்கொண்டார். பகலில் ஊசிக்காது தெரிகிற மனுஷருக்கு, விளக்கு வைக்கிற நேரம் வந்தால் எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. மாலைக்கண். வியாபாரி கண்ணில் கோளாறு என்று வெளியே போனால் சந்தையில் எவன் மதிப்பான்? அதிலிருந்து, பொழுது சாய்ந்தபின் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்று ஒரு கொள்கை மாதிரி சொல்லிவைத்தார். ஆறு மணிக்குள் பண்ணையாள் சேவுகன் வண்டி கட்டிக்கொண்டு போய் அழைத்துவந்துவிடுவான். வீட்டுக்குள் அவருக்குக் கண் கண்ணாத்தாள்தான். டம்ளரை வைத்தால் வளையலால் அதன்மேல் ஒரு தட்டுத் தட்டுவாள். சத்தம் வந்த இடத்துக்குக் கை போகும். மூன்று வருஷமாக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

இப்போது அவள் சங்கடம் உங்களுக்குப் புரியும். பால் நெய்யை விட்ட பிறகு வந்த கோளாறு, வேண்டுதல் நீள நீள முற்றிவிடும் என்பது அவள் பயம். மகள் இரண்டு வருஷம் படித்தால் வேண்டுதல் இரண்டு வருஷம். நாலு வருஷம் படித்தால் நாலு வருஷம். அதற்குள் அந்தக் கண் பகலிலும் அவிந்துபோனால்? கட்டினவர் கண்ணா, பெற்ற மகள் படிப்பா என்று நிறுத்தினால் எந்தப் பெண்பிள்ளைதான் வாயைத் திறப்பாள்? ஹோம் சயன்ஸ் என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து அவள் உள்ளுக்குள் வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் அமலோற்பவம் வந்தாள். உடையப்பன் தன் கேள்விகளை எல்லாம் கேட்டு முடிக்கும்போது பொழுது இறங்கிவிட்டது. கண்ணாத்தாள் சுக்குத் தண்ணீர் வைத்து, வழக்கப்படி வளையலைத் தட்டினாள். அவர் எடுத்துக் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பெண் கை கழுவுகிற சாக்கில் எழுந்து பின்னாலேயே வந்து, கதவை ஒருக்களித்துவிட்டாள்.

"ஐயாவுக்கு எத்தன வருஷமா இப்படி இருக்குக்கா?"

கண்ணாத்தாள் சாதித்துப் பார்த்தாள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். அந்தப் பெண் மறுத்துப் பேசவில்லை. "வளையச் சத்தம் கேட்டுச்சுக்கா" என்றாள், அவ்வளவு மெதுவாக. மூன்று வருஷமாக நெஞ்சுக்குள் கட்டிவைத்திருந்தது அவிழ்ந்து, கண்ணாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள்.

அப்புறம் அவள் கேட்டதெல்லாம், அவர் என்ன சாப்பிடுவார் என்பதுதான். கண்ணாத்தாள் பெருமையோடுதான் சொன்னாள். மூன்று தரம் தீட்டின மல்லிகைப்பூ மாதிரி அரிசிச் சோறு, புளிக்குழம்பு, அப்பளம், ஊறுகாய். பால், நெய், கவிச்சி கிடையாது. "கீரை?" என்று கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆம்பளைக்குக் கீரையை வைத்துச் சோறு போடுகிற நிலைமை இந்த வீட்டுக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அமலோற்பவம் சிரிக்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து, ஆட்டுக்கு மேலே தாழ்ந்து கிடந்த முருங்கைக் கொப்பிலிருந்து ஓர் ஈர்க்கு ஒடித்து வந்தாள்.

"கண்ணால பாக்க முடியாத ஒண்ணு இந்த எலைக்குள்ள இருக்குக்கா. கண்ணு இருட்டுல பாக்குறதுக்கு அதுதான் வேணும். பாலு, நெய்யி, முட்டை, ஈரல் எல்லாத்துலயும் அது இருக்கு. ஐயா அத்தனையும் விட்டுட்டாங்க. மிச்சம் இருந்தது இது ஒண்ணு. அத நீங்க ஆட்டுக்குப் போட்டுட்டீங்க."

காலேஜில் இரண்டு கூண்டில் வெள்ளை எலி வளர்த்ததைச் சொன்னாள். ஒரே அம்மா எலிக்குப் பிறந்தவை. ஒரு கூண்டுக்கு எல்லாம் கலந்த தீனி, மற்றதற்கு வெறும் வெள்ளைத் தீனி. தினம் நிறுத்து எழுத வேண்டும். வெள்ளைத் தீனி தின்ற எலிக்கு ஆறாவது வாரம் கண் மங்கியது. தீனியை மாற்றினார்கள், தெளிந்தது. கண்ணாத்தாள் அடுப்பில் தோசை கருகுவதுகூடத் தெரியாமல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எலிக்கு நிறுத்துச் சோறு போட்டு, அதன் கண்ணுக்குள் பார்த்து, மனுஷர் கண்ணைக் கண்டுபிடிக்கிற இடமா அது? அடுப்படிக்குள் இவ்வளவு பெரிய உலகம் கிடக்கிறதா? இருபது வருஷம் அதற்குள்ளேயே நின்றவளுக்கு ஒருத்தரும் இதைச் சொல்லவில்லையே.

தினம் ஒரு பிடி இலை, நல்லெண்ணெய் விட்டு. பப்பாளிப்பழம் நாளுக்கு ஒரு கீற்று. பதினைந்து நாள். அதற்கும் தெளியவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். போகும்போது அந்தப் பெண் சொன்ன ஒரு வார்த்தைதான் கண்ணாத்தாள் மனசில் அப்படியே நின்றது. "நான் சொன்னேன்னு நம்பாதீங்க. நீங்களே பாத்துட்டு நம்புங்க."

அன்றிலிருந்து உடையப்பன் வீட்டில் காலையில் அடை, ராத்திரி பருப்புருண்டைக் குழம்பு. இலையைப் பொடிப்பொடியாக அரிந்து, பருப்போடு பருப்பாக மறைத்துவிடுவாள். அடை ஏன் பச்சையாக இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டார். கொத்தமல்லி என்று சொல்லி வாயை அடைத்தாள்.

இன்றைக்குப் பதினைந்தாம் நாள். பார்த்துவிட்டு நம்ப வேண்டிய நாள்.

மத்தியானமே சேவுகனைக் கூப்பிட்டு, ரத்தினவேலோடு வண்டியில் போய் வைக்கோல் விலை பேசிவிட்டு எட்டு மணிக்கு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டாள். ஐயாவை அழைத்துவர வேண்டுமே என்று அவன் இழுத்தான். அவள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கட்டின புருஷனை வேண்டுமென்றே இருட்டில் விடுகிறோமே என்று அவளுக்கே உறுத்தியது. ஆனால் வேறு வழியும் இல்லை. நல்லதை வாயால் சொன்னால் போய்விடும் என்கிற மனுஷர், கேட்டால் தெரியவில்லை என்றுதான் சொல்லுவார். வீட்டுக்குள்ளே பழகின இடம், எதையும் நம்ப முடியாது.

ஆறரை மணிக்கு, செவந்தி பூர்த்தி செய்து அரிசிப்பானைக்குப் பின்னால் வைத்திருந்த சென்னை மனுவையும், விலாசம் எழுதின கவரையும், அவளுடைய பேனாவையும் எடுத்துக் கண்ணாத்தாள் இடுப்பில் செருகிக்கொண்டாள். தண்ணிக்குப் போகிறேன் என்று குடத்தோடு கிளம்பினாள். விளக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கிடங்கு இருக்கிற கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு நடந்து வர வேண்டுமென்றால் கண்மாய்க்கரை வழிதான். நடுவே கரை உடைந்து ஓர் ஆள் ஆழத்துக்குப் பள்ளம். அதன்மேல் ஒற்றைப் பனைமரத்தைப் பிளந்து போட்டிருப்பார்கள். வைகாசிக் கடைசி, கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பள்ளத்தில் கல்லாய்க் கிடந்தது. கண்ணாத்தாள் இந்தப் பக்கம் கருவேல மரத்தடியில், தாவிப் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டாள். அமாவாசைக்கு மறுநாள். மேற்கே இருந்த கொஞ்சம் சிவப்பும் கரைந்து, பனைமரம் பள்ளத்தோடு பள்ளமாக அவளுக்கே மங்கிக்கொண்டு வந்தது.

அவர் வந்தார்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாக வந்தார். கையை முன்னால் நீட்டித் துழாவவில்லை. பள்ளத்துக்கு நாலு அடி முன்னால் நின்றார். கண்ணாத்தாள் முந்தானையைப் பல்லுக்குள் திணித்துக்கொண்டாள். கூப்பிட்டுவிடலாமா, வளையலைத் தட்டிவிடலாமா என்று ஒரு கணம் தவித்தாள். தட்டவில்லை. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். மரத்தின்மேல் ஒரு கால் வைத்தார். மறு கால். ஐந்து எட்டில் இந்தப் பக்கம் வந்து இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"யாரது, கண்ணாத்தாவா? இங்கிட்டு எதுக்கு நிக்கிற?" என்றார். பிறகு கொஞ்சம் உற்றுப் பார்த்து, "தலையில என்ன, முருங்கப்பூ ஒட்டியிருக்கு?"

அவள் கையைத் தூக்கித் தலையைத் தடவினாள். இருந்தது. இலை பறிக்கும்போது உதிர்ந்த ஒற்றைப் பூ. அவள் கண்ணுக்கே அதன் வெள்ளை தெரிந்தும் தெரியாமல் இருந்தது. குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே விளங்கவில்லை.

உடையப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு நாளாகவே ஏதோ தெரிகிற மாதிரி இருந்தது என்றார். வெளியே சொன்னால் போய்விடுமோ என்று பயந்து, அவளிடம்கூடச் சொல்லவில்லையாம். இன்று வண்டி வராததும் மனசை ஒருநிலைப்படுத்திக்கொண்டு நடந்தே வந்துவிட்டார். சொல்லிக்கொண்டே தலையை அண்ணாந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

"வெள்ளி மொளைச்சிருக்கு" என்றார். "இங்க பாரு, ஒண்ணு, ரெண்டு... அங்கிட்டு ஒரு கூட்டமே இருக்கு. மூணு வருஷமா இதெல்லாம் இங்கனயேதான் இருந்துச்சா புள்ள?"

இரண்டு பேரும் வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினம் தினம் தலைக்குமேல் வந்து நின்ற நட்சத்திரங்கள்தான். அன்று அவற்றைப் பார்க்கக் கண்ணாத்தாளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓர் இலைக்குள் இருந்த ஏதோ ஒன்று அவர் ரத்தத்தில் ஏறி, கண்ணுக்குள் போய், அத்தனை தூரத்தில் இருப்பதைக் காட்டுகிறதே.

உடையப்பன் நார்த்தாமலைத் திக்கைப் பார்த்துக் கையைக் குவித்தார். ஆத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்றார். கண்ணாத்தாளும் கும்பிட்டாள். அதோடு விட்டிருந்தால் நல்ல பேர் அம்மனோடு போயிருக்கும், செவந்தி திருச்சிக்குப் போயிருப்பாள். அவள் அதோடு விடவில்லை. வளையல் சத்தம், முருங்கை ஈர்க்கு, எலிக்கூண்டு, அடை, வண்டியை அனுப்பியது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஆட்டுத் தழையையா எனக்குப் போட்ட?" என்றார் அவர். கோபம் இல்லை. நம்ப முடியாத ஆச்சரியம்தான் இருந்தது. "அந்தப் புள்ள எம்புட்டு நேரம் பேசுச்சு ஒன்கிட்ட?"

"ஒரு தோசை கருகுற நேரந்தான்."

அவர் மண்ணில் விரலால் கோடு கிழித்தார். ஒன்று, இரண்டு என்று ஆறு கோடு. காலையில் பிளந்து வைத்த அதே ஆறு. நாலு கோட்டின்மேல் கையை வைத்தார்.

"நாலு கொட்டைய ஒடைக்காமலே தள்ளிட்டேன் கண்ணாத்தா" என்றார். "அந்த நாலு வீட்டுலயும் என்ன என்ன தெளிஞ்சிச்சோ. எம்மக கேட்டா, எனக்கு ஒறைக்கல."

கண்ணாத்தாள் தன் பயத்தையும் சொல்லிவிட்டாள். நாலு வருஷம் வேண்டுதல் நீண்டால் கண் போய்விடும் என்றுதான் இதுவரை வாய் மூடிக்கொண்டிருந்தேன், இனி அந்தப் பயம் இல்லை, கொல்லையில் முருங்கை இருக்கிறது என்றாள். இடுப்பிலிருந்து மனுவையும் கவரையும் பேனாவையும் எடுத்து நீட்டினாள். "காலையில கேட்டீங்கள்ல. இதுதான் நான் சொல்றது."

அவர் காகிதத்தை முழங்காலில் விரித்து, குனிந்து பார்த்து, கையெழுத்துக்கென்று விட்டிருந்த இடத்தைத் தாமே கண்டுபிடித்து எழுதினார். பேனா காகிதத்தில் உரசுவதை அவள் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மனுவை மடித்துக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, மடியிலிருந்து இன்னொரு கவரை எடுத்தார். திருச்சிக் கவர். போடவில்லையா என்று கேட்டாள். பெட்டி வாய் வரைக்கும் கொண்டுபோனதாகவும், அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தது கையைப் பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. பெட்ரோல் பஞ்சத்தில் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு இரைந்துகொண்டு வருகிற புதுக்கோட்டை பஸ். வந்தால் தபாலாபீஸ் வாசலில் இரண்டு நிமிஷம் நிற்கும். பையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூருக்குப் போய்விடும்.

உடையப்பன் எழுந்தார். ஒரு கவரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போவார் என்று பார்த்தாள். இரண்டையுமே கையில் வைத்துக்கொண்டார்.

"எதைப் போடப்போறீங்க?"

"போற வழியில ஒரு தடவை நெனைச்சுப் பாத்துக்கிறேன்" என்றார். விலையை வாயால் சொல்லாத மனுஷர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த இருட்டில், பனைமரத்தைத் தாண்டி ஓடத் தொடங்கினார். கூடவே இரண்டு எட்டு ஓடப்போன கண்ணாத்தாள் நின்றுவிட்டாள். அவருக்கு இனி அவள் கை வேண்டியதில்லை.

பஸ் விளக்கு வந்தது. நின்றது. அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். எத்தனை எண்ணினாள் என்று தெரியாது, விளக்கு நகர்ந்து தஞ்சாவூர் ரோட்டில் சிறுத்துப் போயிற்று.

பின்னால் அரிக்கேன் வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. செவந்தி. தண்ணிக்குப் போன அம்மாவைக் காணோமென்று தேடி வந்திருக்கிறாள். அப்பா எங்கே என்று கேட்டாள். தபாலாபீசுக்கு ஓடினார் என்றதும் அரிக்கேனைப் பள்ளத்துப் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"இருட்டுலயா? அப்பாவுக்குத்தான் இருட்டுல கண்ணு தெரியாதே ஆத்தா."

கண்ணாத்தாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஒனக்கு யாரு சொன்னா?"

"லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கும் வளையச் சத்தம் கேக்கும்ல" என்றாள் செவந்தி.

அத்தனை படிப்பும் இருக்க, இந்தப் பெண் ஏன் ஹோம் சயன்ஸையே பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது அந்த நிமிஷத்தில் கண்ணாத்தாளுக்கு விளங்கியது. மகளின் கன்னத்தைத் தடவினாள். பிறகு அரிக்கேனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கி, ஊதி அணைத்துவிட்டாள்.

"என்ன ஆத்தா, அப்பா எப்படி வருவாரு?"

"அதைத்தான் நீ பாக்கணும். இப்படி உக்காரு."

அம்மாவும் மகளும் கரைமேல் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. ஓர் உருவம் பள்ளத்தின் விளிம்பில் நின்றது, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது, பனைமரத்தின்மேல் கால் வைத்தது. செவந்தி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் வெளுப்பாக ஒற்றைக் கவர்.

"ஒண்ணுதான் இருக்கு ஆத்தா" என்று கிசுகிசுத்தாள். "எந்தக் கவரு?"

கண்ணாத்தாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

"எனக்குத் தெரியலடி" என்றாள். "இருட்டுல கண்ணு தெரியிறது இப்ப ஒங்க அப்பாவுக்குத்தான்."